தஞ்சாவூரைச் சுற்றி ஆற்றங்கரைப் பாதைகளில் கிராவல் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூருக்கு வந்து பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு அன்று மாலையே கிளம்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டர் போனாலே ஆறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொரு ஆற்றுக்கும் இரண்டு கரை, கரைக்கு ஒரு பாதை. பல வருடங்களாக அந்தக் கரைகளில் சைக்கிள் ஓட்டி வருகிறேன். நண்பர்களும், நண்பர்களின் நண்பர்களும் போனில் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கிறேன்.

கிராவல் சைக்கிள் என்றால் என்ன? அது இருந்தால்தான் இங்கே ஓட்ட முடியுமா?

பந்தய சைக்கிள் போல வளைந்த ஹேண்டில், ஆனால் அகலமான டயர். மண், சரளை, உடைந்த தார் எல்லாவற்றிலும் போகும். பெயரைக் கேட்டு யாரும் தயங்க வேண்டாம். "கிராவல் அடித்த ரோடு" என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வதுதானே, அந்த கிராவல்தான் இது.

கியர் வைத்த எந்த சைக்கிளும் போதும். டயர் மட்டும் 38 அல்லது 40 மி.மீ. அகலம் இருந்தால் உடம்பு வலிக்காது. மவுன்டன் பைக் வைத்திருப்பவர்கள் அப்படியே வரலாம். மெல்லிய டயர் பந்தய சைக்கிளைக் கொண்டு வராதீர்கள். தார்ச்சாலையில் நன்றாகப் போகும். கரையில் இறங்கிய முதல் கிலோமீட்டரிலேயே மணலில் சிக்கும்.

மலை இல்லை, பள்ளத்தாக்கு இல்லை. சமதரையில் என்ன சுவாரசியம்?

நியாயமான கேள்வி. ஏற்றம் வேண்டும் என்பவர்களுக்கு இந்த ஊர் சரிப்படாது. நாள் முழுக்க ஓட்டினாலும் பாலம் ஏறி இறங்குவதும், வயலிலிருந்து கரைக்கு ஏறுவதும்தான் ஏற்றம்.

ஆனால் இங்கே தண்ணீர் எப்படிப் பங்கு பிரிகிறது என்பதை சைக்கிள் வேகத்தில் முழுசாகப் பார்க்கலாம். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு (கல்லணைக் கால்வாய்) என்று மூன்றாகப் போகிறது. மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்தில் விழுகிறது. வெண்ணாறு தென்பெரம்பூரில் மறுபடி பிரிந்து வெட்டாறும் வடவாறும் உண்டாகின்றன. திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி கிளம்புகிறது. பிறகு வாய்க்கால், கிளை வாய்க்கால், கடைசியில் ஒரு வயலின் மடை. காரில் போகிறவருக்கு இவையெல்லாம் ஒன்றுபோல வந்துபோகும் பாலங்கள். கரையில் ஓட்டுகிறவர் ஒவ்வொரு பிரிவையும் தலைப்பு மதகோடு பார்ப்பார். எனக்கு இந்தப் பாதைகள் அலுக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று. டெல்டாவில் கல் கிடையாது. கீழே எவ்வளவு தோண்டினாலும் வண்டல், மணல், களி. பெரிய கோயிலின் கருங்கல் முழுவதும் தொலைவிலிருந்து வந்ததுதான். கரையில் நீங்கள் ஓட்டும் செந்நிற கிராவலும் மேட்டுநிலத்திலிருந்து லாரியில் வந்தது. எங்கே கிராவல் முடிந்து சாம்பல் நிற வண்டல் தொடங்குகிறதோ, அங்கே டயரின் சத்தமே மாறிவிடும்.

முதல் தடவை வருகிறேன். எந்த வழியில் தொடங்கலாம்?

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு. சுமார் 13 கி.மீ. போகும்போது வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று இந்த வரிசையிலேயே ஐந்தையும் தாண்டுவீர்கள். திருவையாறு என்ற பெயருக்கு இந்த ஐந்தைத்தான் கணக்குச் சொல்வார்கள். நெடுஞ்சாலையில் பஸ் அதிகம். விடியற்காலையில் கிளம்பி ஏழு மணிக்குள் காவிரிப் பாலத்துக்குப் போய்விடுங்கள். புஷ்ய மண்டபப் படித்துறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, திரும்பி வரும்போது ஏதாவது ஒரு பாலத்தில் இடதோ வலதோ திரும்பி கரையில் இறங்குங்கள். பிடிக்கவில்லையென்றால் அடுத்த பாலத்தில் ஏறி நெடுஞ்சாலைக்கு வந்துவிடலாம். தொலைந்துபோக வழியே இல்லை.

உங்களுக்கு மிகவும் பிடித்த சுற்று எது?

ஏழூர். சந்தேகமே இல்லாமல்.

சித்திரையில் திருவையாறு ஐயாறப்பர் பல்லக்கு ஏழு ஊர் சுற்றி வரும். திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம். ஒவ்வொரு ஊர் சாமியும் பல்லக்கில் சேர்ந்துகொள்ளும். நந்திக்குக் கல்யாணம் ஆனதும் ஊர் ஊராகப் போய் நன்றி சொல்லும் பயணம் என்று கதை. பல்லக்கு தூக்குகிறவர்கள் நடக்கத் தோதாக அமைந்த வழி அல்லவா, அது சைக்கிளுக்கும் அப்படியே பொருந்துகிறது. நேரே போகும் நெடுஞ்சாலையை விட்டு, கரை, தோப்பு, வயல், தெரு என்று மாறி மாறிப் போகும்.

திருவையாற்றிலிருந்து காவிரியின் வடகரையில் கிழக்கே திருப்பழனம். வாழைத்தோப்புகளுக்கு நடுவே போகும் பாதை. நேரம் இருந்தால் இன்னும் கொஞ்சம் கிழக்கே திங்களூர். அப்பர் பெருமான் பெயரைத் தன் பிள்ளைகளுக்கும் தண்ணீர்ப்பந்தலுக்கும் வைத்த அப்பூதியடிகளின் ஊர். அப்புறம் தெற்கே இறங்கி குடமுருட்டிப் பக்கம் திருச்சோற்றுத்துறை. இந்த இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். குடமுருட்டி சின்ன ஆறுதான், ஆனால் தண்ணீர் ஓடும்போது குடத்தை உருட்டிக்கொண்டு போகும் என்கிற பெயருக்குக் குறைவில்லாத ஓட்டம். கரையில் மூங்கிலும் நாணலும் நெருக்கமாக நிற்கும். திருவேதிகுடி வழியாக மேற்கே திரும்பினால் கண்டியூர் நெடுஞ்சாலையிலேயே வரும். அதைக் குறுக்கே தாண்டி திருப்பூந்துருத்தி. பிறகு காவிரியைக் கடந்து திருநெய்த்தானம். தில்லைஸ்தானம் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். அங்கிருந்து திருவையாறு கூப்பிடு தூரம்.

அரை நாள் போதும். ஆனால் அரை நாளில் முடிக்காதீர்கள். ஏழு கோயிலில் இரண்டிலாவது உள்ளே போய் உட்காருங்கள். பகல் பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். அதனால் காலையில் ஐந்தரைக்குக் கிளம்பினால்தான் கணக்குச் சரியாக வரும்.

கல்லணை வரை ஒரே நாளில் போய்வர முடியுமா?

முடியும். போக வர சுமார் 100 கி.மீ. பழக்கமில்லாதவர்கள் முதல் நாளே இதை எடுக்க வேண்டாம்.

நான் போகும் வழி இது. திருவையாறு போய், காவிரியின் வடகரையைப் பிடித்து மேற்கே. போகப் போக காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள நிலம் ஒடுங்கிக்கொண்டே வரும். இரண்டு ஆறும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவது கோவிலடி வரும்போது நன்றாகத் தெரியும். இங்கே அப்பக்குடத்தான் பெருமாள் கோயில் ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. திருச்சென்னம்பூண்டியில் சடையார் கோயில், முற்காலச் சோழர் கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில். பெரிய கூட்டம் எதுவும் இருக்காது. தோகூர் தாண்டினால் கல்லணை.

கல்லணையைக் கட்டியவர் கரிகாலன் என்பது எல்லோருக்கும் தெரியும். அது செய்யும் வேலையைப் பாலத்தின்மேல் நின்று பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். கொள்ளிடத்தின் மட்டம் காவிரியைவிடத் தாழ்வு. விட்டுவிட்டால் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம் சரிந்து நேரே கடலுக்குப் போய்விடும், டெல்டா காய்ந்துபோகும். அந்தச் சரிவைத் தடுத்து, தண்ணீரைக் காவிரிப் பக்கமே நிறுத்துவதுதான் அணையின் வேலை. மணல் படுகையின்மேல் பாறைகளைப் போட்டு, அவை தம் பாரத்திலேயே புதைந்து நிலைக்கவிட்டுக் கட்டியது. 1830களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் மணலை வெளியேற்றும் போக்கிகளை இதில் அமைத்தார். மேலே முக்கொம்பில் அணை கட்டியதும் அவர்தான். பழைய அணையைப் படித்துப் பார்த்துத்தான் ஆற்று மணலில் அஸ்திவாரம் போடக் கற்றுக்கொண்டோம் என்று அவரே மனம் திறந்து எழுதியிருக்கிறார்.

திரும்பும்போது வந்த வழியே வராதீர்கள். தென்பக்கம் வெண்ணாற்றின் கரையைப் பிடித்து தென்பெரம்பூர் வரை வாருங்கள். சில இடத்தில் தார், சில இடத்தில் கிராவல், சில இடத்தில் வெறும் மண்ணில் இரண்டு சக்கரத் தடம். நிழல் குறைவு. ஆனால் ஆற்றின் ஓட்டத்தோடு சேர்ந்து கிழக்கே வருவது மனதுக்கு இதமாக இருக்கும். தென்பெரம்பூர் தலைப்பில் ஒரே இடத்தில் ஆறு பிரிவதைப் பார்த்துவிட்டு ஊருக்குள் வந்துவிடலாம். உடம்பு ஒத்துழைக்கவில்லையென்றால் நடுவிலேயே தெற்கே பூதலூருக்கு இறங்கிவிடுங்கள். திருச்சி–தஞ்சாவூர் ரயில் பாதையில் உள்ள ஊர், பாசஞ்சர் வண்டி நிற்கும்.

புது ஆற்றின் கரை எப்படி?

மேட்டூர் அணையோடு சேர்ந்த திட்டத்தில் 1934இல் முடிந்த கல்லணைக் கால்வாயைத்தான் ஊரில் புது ஆறு என்போம். தொண்ணூறு வயது ஆனாலும் இன்னும் புதுசுதான். பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. பழைய ஆறுகளால் எட்ட முடியாத ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டுநிலத்துக்குத் தண்ணீர் கொடுக்கத்தான் இதை வெட்டினார்கள். அதனால் இதன் கரையில் ஓட்டினால் ஒரு பக்கம் டெல்டாவின் கறுத்த மண்ணும் மறுபக்கம் வல்லத்துச் செம்மண்ணும் மாறுவதைப் பார்க்கலாம். மழை நாளில் இந்தப் பக்கம்தான் நல்லது. செம்மண் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பல இடங்களில் கரைக்கு கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். வேலை நடக்கிற இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

கொள்ளிடம்?

அகலத்தைப் பார்க்கப் போகலாம். திருவையாற்றிலிருந்து வடக்கே திருமானூர் பாலம். அங்கிருந்து வடகரையில் திருமழபாடி. ஏழூர்க் கதையில் சொன்ன நந்தியின் கல்யாணம் பங்குனியில் நடப்பது இந்த ஊரில்தான். கரைப் பாதை மணல்பாங்கு, காற்றுக்கு மறைவே இல்லை. காலை எட்டு மணிக்குமேல் அங்கே இருக்காதீர்கள்.

கும்பகோணம் பக்கம் போக வேண்டுமென்றால்?

நெடுஞ்சாலையில் 40 கி.மீ. அதை விட்டுவிடுங்கள். ஐயம்பேட்டைக்கு முன்னால் பசுபதிகோயிலில் திரும்பினால் புள்ளமங்கை வரும். பராந்தகச் சோழன் காலத்துக் கோயில். சுவரின் அடிப்பகுதியில் உள்ளங்கை அளவில் செதுக்கிய சிற்பங்களைக் குனிந்து உட்கார்ந்து பாருங்கள். வடக்குச் சுவரில் உள்ள துர்க்கைக்காகவே போகலாம். அங்கிருந்து ஊர்ச்சாலைகளிலும் கரைகளிலுமாக பாபநாசம், சுவாமிமலை என்று கும்பகோணத்துக்குள் நுழையலாம். திரும்ப ரயில்.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

இங்கே மாதத்தைத் தீர்மானிப்பது மேட்டூர் அணை. வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். ஆனால் நீர் இருப்பைப் பொறுத்து மாறும். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். வரப்போவதற்கு முன் செய்தியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

என் தேர்வு ஜனவரி. ஆற்றில் தண்ணீர் இருக்கும், வயலில் சம்பா முற்றி நிற்கும், விடியலில் பனி, மழை விட்டு கரை இறுகியிருக்கும். அதே மாதம் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடக்கும் நாட்களில் மட்டும் தங்குமிடம் கிடைப்பது சிரமம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேலைக்காற்று. கல்லணைக்குப் போகும்போது நெஞ்சில் அடிக்கும். இந்தக் காற்றில் கடினமான பாதியை முதலில் முடித்துவிட்டுத் திரும்பலாம் என்பது ஒன்றுதான் ஆறுதல். ஆற்றில் புதுத்தண்ணீர் வருகிற அழகு அதற்கு ஈடு. ஆடிப்பெருக்கு அன்று மட்டும் கரையில் சைக்கிள் வேண்டாம். எல்லாப் படித்துறையிலும் குடும்பம் குடும்பமாகக் கூடியிருப்பார்கள். நீங்களும் சித்திரான்னம் கட்டிக்கொண்டு நடந்து போங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை மழை. ஒரு நவம்பரில் வெண்ணாற்றங்கரையில் மாட்டிக்கொண்டேன். களிமண் சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே அடைத்து, சைக்கிளைத் தள்ளக்கூட முடியவில்லை. குச்சியால் சுரண்டிச் சுரண்டி ஒன்றரை கிலோமீட்டர் தோளில் தூக்கி வந்தேன். மழை பெய்த இரண்டு நாளுக்கு மண்கரையில் இறங்காதீர்கள். உங்கள் சக்கரத் தடம் காய்ந்தபின் பள்ளமாக நிற்கும் என்பதும் ஒரு காரணம்.

ஏப்ரல், மே வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒன்பது மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட முடிந்தால் ஓட்டுங்கள்.

அடிக்கடி பஞ்சர் ஆகுமா?

ஆகும். சீமைக்கருவேல முள்தான் இந்தப் பாதைகளின் ஒரே உண்மையான தொல்லை. கரையில் வெட்டிப் போட்டிருக்கும் கிளைகளின் முள் காய்ந்தபின் ஆணி மாதிரி. டியூப்லெஸ் டயரில் சீலன்ட் நிறைய ஊற்றிக்கொண்டு வாருங்கள். முள் குத்தினாலும் உடனே அடைத்துக்கொள்ளும். டியூப் போட்ட டயர் என்றால் இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், பம்பு மூன்றும் கட்டாயம். பஞ்சர் ஒட்டியதும் டயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஒடிந்த முள்ளின் நுனி உள்ளேயே இருந்தால் பத்து நிமிடத்தில் மறுபடி இறங்கிவிடும்.

சாதா சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை பெரிய ஊர்களில் உண்டு. டிஸ்க் பிரேக்கோ, கியர் வயரோ போனால் தஞ்சாவூருக்கு வந்துதான் ஆக வேண்டும்.

கரையில் ஓட்ட அனுமதி வேண்டுமா?

ஊர் மக்கள் தினமும் நடந்தும் வண்டியிலும் போகும் பாதைகளில் யாரும் தடுத்ததில்லை. மதகுகளின் நடைமேடை, பூட்டிய கேட், ஷட்டர் ஏற்றும் இடம் ஆகியவை நீர்வளத்துறை ஆட்களின் வேலையிடம். அங்கே ஏறாதீர்கள்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தக் கரை, வேலை செய்கிறவர்களுக்கான பாதை. சம்பா அறுப்பு நேரத்தில் அறுப்பு மிஷின் பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு வரும். நெல்லைச் சாலையில் காயப்போட்டிருப்பார்கள். கொள்முதல் நிலையத்துக்கு வெளியே மூட்டையும் குவியலும் காத்திருக்கும். நெல்லின்மேல் சக்கரத்தை ஏற்றவே கூடாது. இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். ஈரப்பதம் கூடினால் விலை போகாது என்று காவல் இருக்கிற குடும்பம் அது. ஆடு மாட்டைப் பின்னாலிருந்து வேகமாகத் தாண்டாதீர்கள்; மணி அடித்து, மேய்க்கிறவர் கை காட்டியதும் போங்கள். "எங்கேப்பா போறே?" என்று யாராவது கேட்டால் நின்று பதில் சொல்லுங்கள். அடுத்த மதகில் பாதை உடைந்திருக்கிறது என்கிற தகவல் அந்தப் பேச்சில்தான் கிடைக்கும்.

ஆற்றில் இறங்கிக் குளிக்கலாமா?

ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில், அவர்கள் இருக்கும்போது மட்டும். மற்ற இடத்தில் வேண்டாம். மணல் அள்ளிய குழிகள் மேலிருந்து தெரியாது. முழங்கால் ஆழம் என்று காலை வைத்தால் அடுத்த அடியில் ஆள் முழுகும். மதகு, கல்லணை, தடுப்பணைக்குக் கீழே சுழல் இருக்கும். ஷட்டரைத் தூக்கினால் மட்டம் சட்டென்று உயரும். ஒவ்வொரு வருடமும் சின்னப் பிள்ளைகளை இந்த ஆறுகள் கொண்டுபோகின்றன. உங்கள் குழந்தைகளோடு வந்தால் கரையைவிட்டுக் கீழே அனுப்பாதீர்கள்.

சாப்பாடு, தண்ணீர்?

தண்ணீர் இரண்டு லிட்டர் கையில் வேண்டும். எல்லா ஊரிலும் டீக்கடை உண்டு, ஆனால் கரையில் கடை இல்லாமல் பத்து கிலோமீட்டர் போகும் இடங்களும் உண்டு. காலை இட்லிக்குத் திருவையாறு அல்லது திருக்காட்டுப்பள்ளி. திருவையாற்றில் அசோகா அல்வா சாப்பிடாமல் வராதீர்கள். பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்தது, சூடாக இலையில் வைத்துத் தருவார்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓட்ட அது ஒன்றே போதும்.

போன் மேப்பை நம்பலாமா?

ஊர்ச்சாலைக்கு நம்பலாம். கரைக்கு, செயற்கைக்கோள் படத்தைப் போட்டுப் பார்த்தால் பாதை இருக்கிறதா என்பது ஓரளவு தெரியும். ஆனால் ஆற்றைக் கடக்கும் இடத்தை மட்டும் மேப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். கோடையில் மணலில் இறங்கிக் கடக்கும் தடத்தை மேப் பாதை என்று காட்டும். ஜூலையில் அங்கே ஆள் உயரத் தண்ணீர் ஓடும். அக்கரை போக வேண்டுமென்றால் முதலில் பாலம் எங்கே என்று கேளுங்கள்.

சென்னையிலிருந்து சைக்கிளை எப்படிக் கொண்டுவருவது?

ரயில்தான் சுலபம். நிலையத்தின் பார்சல் ஆபீஸில் உங்கள் டிக்கெட்டைக் காட்டி சைக்கிளை பதிவு செய்தால் லக்கேஜ் வேனில் ஏற்றுவார்கள். வண்டி புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். பின்பக்கக் கியர் உள்ள இடத்தில் அட்டையைச் சுற்றிக் கட்டுங்கள், பெடலைக் கழற்றிப் பையில் வையுங்கள். இரவு வண்டியில் ஏறினால் விடியும்போது தஞ்சாவூர். சைக்கிளை இறக்கி, பெடலை மாட்டி, நிலையத்துக்கு எதிரே ஒரு காபி குடித்துவிட்டு வடக்கே திருப்பினால், வெயில் ஏறுவதற்குள் ஐந்து ஆற்றையும் தாண்டிவிடலாம்.